நூறு கன்றும் 18 ரூபாய் இருப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை மேகமலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஓடைக்கரையில் ஒரு குச்சி, அதை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. குச்சியில் சிவப்புப் பெயின்டில் 37 என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: "நூத்துல 88 நிக்குது டீச்சர்." படத்தை வகுப்பில் காட்டியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மேகமலையில் நாங்கள் நட்ட நூறு மரக்கன்றில் பிழைத்திருக்கும் இந்த 88க்குப் பின்னால் இரண்டரை வருஷ வேலை இருக்கிறது. அதில் முதல் வருஷம் முழுக்கத் தோல்வி. வேறு பள்ளியில் யாராவது இப்படி ஆரம்பித்தால் அந்த ஒரு வருஷமாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி மதுரை மாவட்டம் சோழவந்தான் பக்கம். நான் அறிவியல் ஆசிரியை, பசுமைப்படை என்ற சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஏழு, எட்டாம் வகுப்புகளில் 24 பேர். ஒருநாள் பாடத்துக்கு நடுவே கோஸ்டா ரிகா நாட்டின் மான்டிவெர்டே காட்டைப் பற்றிச் சொன்னேன். 1987ல் ஸ்வீடனில் ஒரு கிராமத்துச் சின்னப் பள்ளிப் பிள்ளைகள், எஹா கெர்ன் என்ற தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து பணம் திரட்டி, அங்கே வெட்டுப்பட இருந்த மழைக்காட்டில் ஒரு துண்டை வாங்கிக் காப்பாற்றினார்கள். பிறகு பல நாட்டுப் பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். குழந்தைகள் பெயரிலேயே இருக்கும் அந்தக் காடு இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல். கதை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "நாமளும் வாங்கலாமா டீச்சர்?"

நம் ஊரில் காடு அரசாங்கத்துடையது, விலைக்கு வராது. ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் 2021லிருந்து புலிகள் காப்பகம். ஆனால் மேகமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஓடைக்கரைகளிலும் பள்ளங்களிலும் மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே மிஞ்சி நிற்கின்றன. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில், தோட்டத்துக்காரர் சம்மதித்தால், மரம் வைக்கலாம். அதைச் செய்வோம் என்றேன்.

அந்தக் காடு எங்களுக்கு அந்நியம் இல்லை. பள்ளிக்குப் பின்னால் ஓடுவது பெரியாறு வாய்க்கால். 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர், வைகை அணை வழியாகப் பேரணைக்கு வந்து இந்த வாய்க்காலில் இறங்குகிறது. மேகமலையில் இருக்கும் மணலாறு, இரவங்கலாறு அணைத் தண்ணீரும் சுருளியாறு மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குத்தான் வருகிறது. மேலே காடு மழையைப் பிடித்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கீழே நம் வயல் நனைகிறது. வாய்க்காலில் கால் நனைத்தபடியே இதைச் சொன்னேன். போர்டில் படம் போட்டுச் சொல்லியிருந்தால் பாதி பேருக்குக்கூடப் பதிந்திருக்காது.

பணத்துக்கு முதலில் நாங்கள் எடுத்தது உண்டியல். தகர டப்பாவில் இருவாச்சிப் பறவைப் படம் ஒட்டி நான்கு குழுவாகத் தெருவுக்குப் போனோம். இரண்டே நாள். பிள்ளைகளைக் கையேந்த விடுகிறீர்களா என்று பெற்றோர் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். வந்திருந்த 340 ரூபாயைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம். அன்றே ஒரு முடிவு எடுத்தோம்: ஒரு பொருளைக் கொடுக்காமல் யாரிடமும் காசு வாங்குவதில்லை.

அப்புறம்தான் நாற்றங்கால். மழைக்காட்டு மரங்களை இங்கேயே முளைக்கவைத்து, வளர்ந்த கன்றை மலைக்கு அனுப்புவது என்பது திட்டம்.

ஆனி மாதம் ஷெட் போட்டோம். 8 அடி சவுக்குக் கம்பு எட்டு, ஒன்று 110 ரூபாய். ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றினோம். கரையான் ஏறாமல் இருக்க அடிப்பகுதியில் மெக்கானிக் கடையின் பழைய ஆயிலைத் தடவினோம். இன்றைக்கும் ஒரு கம்பு அரிக்கவில்லை. 75 சதவீத நிழல்வலை, 3 மீட்டர் அகலத்தில் 8 மீட்டர், 770 ரூபாய். 10 அடிக்கு 16 அடி கூரைக்குப் போக மிஞ்சிய வலையை மேற்குப் பக்கம் தொங்கவிட்டோம். கட்டுக்கம்பியும் ஆணியும் 140, நாற்றுப் பை இரண்டு கிலோ 420, தொழுஉரம் ஐந்து மூட்டை 300, பூவாளி இரண்டு 520. செம்மண்ணும் மணலும் ஒரு மாணவியின் அப்பா கொடுத்தார். மொத்தம் 3,030 ரூபாய், ஆசிரியர்கள் நாங்களே பகிர்ந்துகொண்டோம்.

வலை தரையிலிருந்து ஆறரை அடியில்தான் இருந்தது. எட்டிக் கட்ட வசதியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதன் பலனைப் பங்குனியில் அனுபவித்தோம்.

விதைக்கு, முன்பு எங்களிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா உதவினார். மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். தோட்ட மேலாளரிடம் அனுமதி வாங்கி, தோட்டத்து எல்லைக்குள் கீழே விழுந்து கிடந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பினார். காப்பகத்துக்குள்ளிருந்து ஒரு விதைகூட எடுக்கவில்லை. அது குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

முதல் பொட்டலத்தில் 60 வெடிப்பலா விதை. பழத்தையும் இரண்டு அனுப்பியிருந்தார். மேலெல்லாம் முள், கையில் வைத்துப் பிடிக்க முடியாது. உள்ளே நம் பலாக்கொட்டை மாதிரி பளபளவென்று பழுப்பு விதை. சிங்கவால் குரங்கு இந்த முள்ளைப் பிளந்துதான் தின்னும் என்றதும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை பிளந்து பார்த்தார்கள். ஒருவனாலும் முடியவில்லை.

அந்த 60ஐயும் கெடுத்தது நான். பூசணி, சுரை விதையை நாம் என்ன செய்வோம்? கழுவி, காயவைத்து, சாம்பலில் புரட்டி எடுத்துவைப்போம். அதே பழக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டேன். விதைத்து 30 நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு சுருங்கித் தக்கையாக இருந்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை. ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும், விழுந்த ஈரத்திலேயே மண்ணுக்குள் போக வேண்டும். நம் ஊர் நாவலும் அப்படித்தானே! தின்று துப்பிய கொட்டை மழையில் தானாக முளைக்கிறது, நாவற்கொட்டையை யாரும் காயவைத்து விதைப்பதில்லை. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை நனைத்த தேங்காய் நார்த்தூளில் பொதிந்து சாக்கில் கட்டி அனுப்பச் சொன்னோம். வெடிப்பலா 40, நாங்கு 25, மலைநாவல் 35. வந்த அன்று மாலையே எல்லாரும் உட்கார்ந்து பைகளில் ஊன்றிவிட்டோம். பை 6க்கு 9 அங்குலம், கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழுஉரம் ஒன்று. பத்தாம் நாள் ஒரு வெடிப்பலா மண்ணைப் பிளந்து தலை தூக்கியது. அதற்கு எதிரே ஒரு பெண் மதிய சாப்பாட்டைத் தூக்கிவந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். 100 விதைக்கு 64 முளைத்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தளதளவென்று இருந்தன. தை மாதக் கணக்கு 58. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மாசியில் இலை நுனி கருகத் தொடங்கியது. பை மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பழுது பார்க்கிறவரிடம் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) இரவல் வாங்கி அளந்தோம். பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,620. வாய்க்கால் தண்ணீர் 210. மழை நின்ற பிறகு மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். உடனே வாய்க்காலிலிருந்து குடத்தில் கொண்டுவர முறை போட்டோம். கருகல் கொஞ்சம் நின்றது.

வெயில் நிற்கவில்லை. 60 ரூபாய் தெர்மாமீட்டரை ஷெட்டுக்குள் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தோம். வெளியே 39 டிகிரி, உள்ளே 38. வலை தாழ்வாக இருந்ததால் சூடு மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. வெறும் வலை நிழலைத் தரும், ஈரக்காற்றைத் தராது. மார்ச் கடைசியில் 19தான் மிச்சம். கோடை விடுமுறையில் காவலர் தினமும் தண்ணீர் ஊற்றினார், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது ஷெட்டில் ஒரு கன்றும் இல்லை. 58 பையில் 52 பை காய்ந்த மண்.

மீதி ஆறு எங்கே? அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பங்குனி முதல் வாரத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்க தாத்தா கொடிக்கால்ல வச்சுப் பாக்கவா டீச்சர்?" என்று கேட்டான். வதங்கிக்கொண்டிருந்த ஆறு வெடிப்பலாவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோனான். நானும் வேறு வேலையில் மறந்துவிட்டேன். ஜூனில் காலிப் பைகளை அடுக்கும்போது அவன் மெல்ல வந்து, "டீச்சர், எங்க தாத்தாகிட்ட அஞ்சு இருக்கு" என்றான்.

அன்று சாயங்காலமே போனோம். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று படித்திருக்கிறேன், ஆனால் கொடிக்காலுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே நுழைந்ததும் காற்றே வேறு. இரண்டு பக்கமும் அகத்தி மரங்கள் நெருக்கமாக, அதில் வெற்றிலைக் கொடி, நடுவில் வாய்க்கால் தண்ணீர் கசிந்து நிற்கும் குறுகலான ஓடை. வெயில் காசு காசாகத்தான் கீழே விழுகிறது. தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வெளியே 38, உள்ளே 33. ஓடையோரம் ஐந்து கன்றும் தளிர் விட்டு நின்றன.

தாத்தா சொன்னார்: "வெத்தலைக்கு என்ன வேணுமோ அதத்தான் டீச்சரம்மா இந்தப் பிள்ளையும் கேக்குது. காத்து அடிக்கக் கூடாது. மண்ணு காயக் கூடாது. வேருல தண்ணி கட்டவும் கூடாது. மேல நிழல் இருக்கணும், அந்த நிழலும் உசுரோட இருக்கணும்."

உயிருள்ள நிழல். மழைக்காடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க நான் வைத்திருந்த எந்த வாக்கியமும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஷெட்டைச் சுற்றி அகத்தி விதைத்து மறுபடி முயலலாமா என்று யோசித்தோம். தாத்தாதான் வேண்டாம் என்றார். கொடிக்கால் என்பது ஒரு குடும்பமே நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை, பள்ளிக்கூடத்தில் ஓடாது. நாங்களும் ஒத்துக்கொண்டு திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். மதுரை மண்ணில் எது தானாக வளருமோ அதை இங்கே வளர்த்து விற்பது. அந்தக் காசில், மலைக்கன்றை மலையிலேயே வளர்க்கிறவர்களிடம் வாங்குவது.

இரண்டாம் வருஷ வேலை சுலபமாகவே போனது. வலையை அவிழ்த்து, கம்புக்கு மேல் மூங்கில் சேர்த்து ஒன்பதரை அடிக்கு உயர்த்தினோம். கூரைத் தண்ணீரைப் பிடிக்க 500 லிட்டர் டிரம் ஒன்று பழையதாகக் கிடைத்தது. வேம்பு, புங்கை, நாவல், முருங்கை என்று 400 பை. அதில் பாதி அரை லிட்டர் பால் கவர், அடியில் நான்கு ஓட்டை போட்டது. முருங்கைக்கும் வேம்புக்கும் அது போதும். புங்கைக்குப் போதாது, மூன்றே மாதத்தில் வேர் வட்டமாகச் சுற்றிவிட்டது. அடுத்த தடவை புங்கைக்குப் பெரிய பைதான். வேப்பங்கொட்டையை விழுந்த வாரமே விதைத்தோம், இந்தத் தடவை எதையும் காயப்போடவில்லை. ஒரு சனிக்கிழமை ஆடு புகுந்து 30 நாவலை மேய்ந்துவிட்டது. அதன் பிறகு படல் கட்டினோம்.

கொடிக்கால் தாத்தா வெற்றிலைக் கொடியில் மூன்று கணு, நான்கு கணுவாக நறுக்கி 60 துண்டு கொடுத்தார். பழைய பெயின்ட் டப்பாவில் ஊன்றி வேப்பமர நிழலில் வைத்தோம். அது இவ்வளவு விற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் ஒரு வெற்றிலைக் கொடி வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. ஒன்று 30 ரூபாய், 60ம் போயிற்று, 1,800 ரூபாய்.

மரக்கன்று ஒன்று 15 ரூபாய். பள்ளி வாசலில் விற்றது 170. பெரிய விற்பனை ஒரு மாணவியின் தம்பிக்கு நடந்த காதுகுத்தில். தாம்பூலப்பையோடு கொடுக்க 150 கன்று கேட்டார்கள். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு கன்றிலும் ஓர் அட்டையைக் கட்டிக் கொடுத்தார்கள்: "இந்தக் கன்றின் விலை மேகமலையில் ஒரு மரத்துக்குப் போகிறது." வந்தவர்களில் ஒரு பெரியவர் அட்டையைப் படித்துவிட்டு, வைகையில் தண்ணீர் வருமா என்று கேட்டார். பிள்ளை பேரணையிலிருந்து ஆரம்பித்து மேலே மேகமலை வரைக்கும் சொல்லி முடித்தது. பின்னால் மொய் எழுத நின்ற வரிசை நகரவே இல்லை. இனி இப்படி விசேஷ ஆர்டரை ஆடியிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு அதற்கேற்ப விதைக்க வேண்டும். அந்த ஐப்பசியில் இன்னும் இரண்டு வீடுகள் கேட்டன, எங்களிடம் கொடுக்கக் கன்று இல்லை.

பழைய பேப்பர் மூன்று மாதத்தில் 214 கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 2,568. கன்று விற்றது 4,800. வெற்றிலையோடு சேர்த்து மொத்த வரவு 9,168. பை, உரம், ஆட்டோ எல்லாம் செலவு 1,350. மிச்சம் 7,818. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் வரவு செலவு எழுதினாள். எல்லாரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ரசீது இல்லாத ஒரு ரூபாயைக்கூட எழுத விடமாட்டாள், என்னையும் சேர்த்து. பணம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தெரிந்தே வந்தது, தெரிந்தே போனது. உண்டியல் விஷயத்தில் கேள்வி கேட்ட பெற்றோரில் ஒருவரே கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மலையில் நாட்டுமரக் கன்று வளர்க்கும் சிறு நாற்றங்கால் ஒன்றில் கேட்டோம். பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஒரு கன்று 40 ரூபாய். 195 கன்று வாங்கலாம் என்று பிள்ளைகள் நொடியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். போனில் நாற்றங்கால்காரர் சொன்னார்: "கன்னு வைக்கிறது ஒரு நாள் வேலைம்மா. ரெண்டு வருஷம் சுத்திக் களை எடுக்கலேன்னா உண்ணிச்செடி மூடிரும்." அன்று வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதம். 195 என்று எழுதிவைத்த எண்ணைக் குறைக்கப் பாதி பேருக்கு மனமில்லை. கடைசியில் கை தூக்கி முடிவெடுத்தார்கள்: 100 கன்றுக்கு 4,000, களை எடுக்க ஓர் ஆள் கூலி 475 வீதம் இரண்டு வருஷத்தில் எட்டுத் தடவைக்கு 3,800. எனக்கு இந்த மொத்த வேலையிலும் பெருமையான நாள் அதுதான்.

அடுத்த ஆடியில் நடவு. வேன் வாடகையை இந்த நிதியில் தொடவில்லை, பெற்றோர் போட்டார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் கொடிக்காலின் ஐந்து வெடிப்பலா. அவை எந்தத் தோட்டத்து விதையோ அந்தத் தோட்டத்துக்கே திரும்பின. கீழ்நாட்டு மண்ணோடு ஏதாவது நோய் ஏறிவிடக் கூடாது என்று ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே நட்டார்கள். அதே மரத்தடியில் பொறுக்கி மலையிலேயே வளர்த்த, அதே வயது கன்று பக்கத்தில் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். அது 3 அடி, எங்களுடையது 16 அங்குலம். பையன் முகம் வாடிவிட்டது. நாற்றங்கால்காரர் இலையைத் திருப்பிப் பார்த்து, "வேர் நல்லா இருக்கு, பிடிச்சுக்கும்" என்றார். மழையில் அட்டைப்பூச்சி ஏறிய காலோடு 100 குழியும் மதியத்துக்குள் முடிந்தது. குழிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஓர் எண்.

அந்த ஐந்தும் இந்த நூறில் சேராது. ஐந்தில் நான்கு இப்போதும் இருக்கிறது.

இந்த வருஷம் 600 பை போட்டிருக்கிறோம். கணக்கம்மா ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நோட்டை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒப்படைக்கும்போது புதுப் பக்கத்தில் முதல் வரியை அவளே எழுதிக் கொடுத்தாள்: ஆரம்ப இருப்பு ரூ. 18.